மஞ்சள் கோடு இல்லாத போல்ட்

பஸ் நகரும் முன்பே லூர்துராஜின் கை இருக்கைக்கு அடியில் போய்விடுகிறது. மணிமங்கலம் நிறுத்தத்துக்குக் காலை ஐந்து ஐம்பதுக்கு வரும் கம்பெனி பஸ்ஸில் இடதுபுறம் நான்காவது வரிசை அவருடையது. அந்த இருக்கையைத் தரையோடு பிடித்திருக்கும் நான்கு போல்ட்டுகளையும் விரல் நுனியால் தொட்டுப் பார்த்த பிறகுதான் உடம்பின் பாரத்தை அதன்மேல் இறக்குவார். நான்கின் மேலும் மஞ்சள் கோடு உண்டு. போல்ட்டின் தலையில் தொடங்கி அடியில் இருக்கும் தகடு வரைக்கும் ஒரே இழுப்பில் இழுத்த கோடு. போட்டவர் அவரேதான். டிரைவர் சண்டைக்கு வந்தபோது, "உன் வண்டிக்கு நான் இன்னா பெயிண்டா அடிச்சேன்? கோடுதான நைனா போட்டேன்" என்று சமாதானம் சொன்னாராம்.

இருக்கை சரி. அடுத்தது நாக்கு. படப்பை வருவதற்குள் அது வலது கீழ்த்தாடைக்கு முப்பது தடவையாவது போய்த் திரும்பிவிடும். அங்கே கடைசிப் பற்கள் இருந்த இடத்தில், ஈறுக்கு மேலே துளி உயரத்தில் இரண்டு உலோக மூடிகள் தெரிகின்றன. மூடிகளுக்கு அடியில், தாடை எலும்புக்குள் இரண்டு டைட்டானியம் போல்ட்டுகள். எலும்பு அவற்றைப் பிடித்துக்கொண்ட பிறகு மேலே பல் பொருத்த வேண்டும். பிடித்துக்கொண்டதா இல்லையா என்பது இந்த டிசம்பரின் இரண்டாம் சனிக்கிழமை தெரியும். பின்னால் இருக்கும் மூடியை நாக்கு ஒரு தடவை தொட்டுவிட்டு விட்டுவிடுகிறது. முன்னால் இருப்பதைத்தான் அதற்கு நம்ப முடியவில்லை. அதையே சுற்றிச் சுற்றி வருகிறது.

லூர்துராஜுக்கு வயது ஐம்பத்தொன்று. ஒரகடத்தில் லாரி தயாரிக்கும் தொழிற்சாலை ஒன்றில் பதினெட்டு வருஷ சர்வீஸ். வேலைக்குப் பெயர் டார்க் ஆடிட், முறுக்கு விசைச் சோதனை. லைனில் மற்றவர்கள் முறுக்கி அனுப்பும் போல்ட்டுகள் சொன்ன அளவுக்கு இறுகியிருக்கின்றனவா என்று இவர் திரும்பவும் முறுக்கிப் பார்க்க வேண்டும். கையில் முழ நீளத்துக்கு மேல் ஒரு டார்க் ரெஞ்ச். அளவை அதில் வைத்து இழுத்தால், அந்த அளவு எட்டியதும் 'கிளிக்' என்று சத்தம் வந்து கைப்பிடி லேசாக உதறும். உதறினால் போல்ட் நல்ல போல்ட். உடனே சட்டைப் பையிலிருந்து மஞ்சள் பெயிண்ட் பேனா வெளியே வரும், கோடு விழும். பின்னால் என்றைக்காவது அந்த போல்ட் ஒரு நூல் தளர்ந்து திரும்பினாலும், கோடு இரண்டாகப் பிரிந்து காட்டிக்கொடுத்துவிடும்.

இந்தக் கோட்டு விஷயத்தில் மனிதருக்கு ஒரு சட்டம். கிளிக் எந்தக் கையில் உதறியதோ அந்தக் கைதான் கோடு போட வேண்டும். பார்த்தவன் போடக்கூடாது, பக்கத்தில் நின்றவன் போடக்கூடாது, மேனேஜரே ஆனாலும் போடக்கூடாது. அதனால் அந்த மஞ்சள் பேனா பதினெட்டு வருஷமாகக் கை மாறியதில்லை. லைனில் அவருக்கு அடுத்து நிற்கும் வனமாமலை, நாங்குநேரிப் பக்கத்துக்காரர், ஒரு நாள் தன் பேனா காய்ந்துபோய்விட்டது என்று கேட்டுப் பார்த்தார்.

"அண்ணாச்சி, ஒங்க பேனாவ ஒரு நிமிசம் தாங்களேன். இந்தா, இப்பம் தந்திருதேன்."

"என் பேனால நீ கோடு போட்டா நான் பாத்ததா ஆயிடும். ஸ்டோருக்குப் போயி வேற வாங்கிக்கினு வா."

ஸ்டோர் கட்டடத்தின் அந்தக் கோடியில் இருக்கிறது. வனமாமலை போய் வரும்வரை லைன் நின்றது, சூப்பர்வைசர் கத்தினார், தொலைபேசி அடித்தது. பேனா மட்டும் பையை விட்டு நகரவில்லை.

வீட்டிலும் இதே கூத்துதான். மின்விசிறியின் கொக்கி, கட்டிலின் கால், பீரோவின் கீல், மாடியில் தண்ணீர்த் தொட்டியைத் தாங்கும் சட்டம் எல்லாவற்றிலும் மஞ்சள் கோடு. கேஸ் சிலிண்டர் மாற்றிவிட்டு மனைவி ரோஸி அடுப்பைப் பற்றவைத்தால், கூடத்திலிருந்து குரல் வரும்: "கிளிக் வந்துச்சா?" மகள் எவாஞ்சலின் கோயம்புத்தூரிலிருந்து வேலை கிடைத்துவிட்டது என்று போன் பண்ணியபோதும் அப்பா கேட்ட முதல் கேள்வி அதுதான். ஆர்டர் கைக்கு வந்தால்தான் அவர் கணக்கில் கிளிக். புதிதாக லைனுக்கு வருகிறவர்களுக்கு முதல் நாள் அவர் எடுக்கும் பாடம் மிகச் சின்னது. வலது கையைத் தூக்கிக் காட்டி, "இது பொய் சொல்லும். இத நம்பாத" என்பார். ரெஞ்சைத் தூக்கிக் காட்டி, "இது சொல்லாது" என்பார். அவ்வளவுதான்.

இப்படிப்பட்ட மனிதர் தன் பற்களிடம் மட்டும் கொஞ்சமும் இரக்கம் காட்டியதில்லை. வாலிபத்தில் கடைவாய்ப் பல்தான் அவருக்கு மூன்றாவது கை. ஒயரின் தோலை உரிப்பது பல்லால். சோடா மூடி பல்லால். இரண்டு கையும் எஞ்சினுக்குள் இருக்கும்போது அடுத்த நட்டைக் கவ்விக்கொண்டிருப்பதும் பல்தான். வலது கீழ்த்தாடையில் ஒன்று பிளந்தது, பிடுங்கினார்கள். இரண்டு வருஷத்தில் பக்கத்துப் பல்லும் பின்னாலேயே போயிற்று. அதன் பிறகு ஒன்பது வருஷம் இடது பக்கத்திலேயே மென்று காலம் தள்ளினார். ஞாயிற்றுக்கிழமைக் கறியை ரோஸி பொடிப்பொடியாக நறுக்கிப் போடுவதும், எலும்பைத் தட்டில் ஓரமாக ஒதுக்கிவிட்டு அதையே ஏக்கத்தோடு பார்ப்பதும் பழகிப்போயிருந்தது. போன வருஷம் இடது பக்கமும் கூசத் தொடங்கியது. குளிர்ந்த தண்ணீர் பட்டால் சுரீர் என்றது. அப்போதுதான் மனிதர் கணக்குப் போட்டுப் பார்த்தார். இந்தப் பக்கமும் போனால் மிச்ச ஆயுளுக்கும் கஞ்சிதான்.

படப்பையில் பெட்ரோல் பங்குக்கு எதிரே மாடியில் டாக்டர் கலைமதியின் பல் மருத்துவமனை. முப்பத்தைந்து வயதுக்குள் இருக்கும். நிதானமாகப் பேசும் பெண்மணி. எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பிடித்துக் காட்டி விஷயத்தைச் சொன்னார்.

"பல்லு போயி ரொம்ப வருஷமாச்சு இல்லையா சார், எலும்பு கரைஞ்சிருக்கு. இதோ, கீழ ஓடுது பாருங்க, இது நரம்பு. இதுக்கு மேல இருக்கற இடத்துலதான் நமக்கு வேலை. குட்டை சைஸ்தான் போட முடியும். பிடிச்சுக்கிச்சுன்னா கவலையே இல்ல. பிடிக்கலைன்னா அந்தக் குழி பெருசாயிடும், திரும்பப் போடறதுக்கு எலும்பு இருக்காது."

"ரீவொர்க் கெடையாதுன்றீங்க."

"அப்படித்தான் வச்சுக்குங்களேன்."

ரீவொர்க் இல்லாத ஒரு லைனை லூர்துராஜ் அதுவரைக்கும் பார்த்ததில்லை. நாற்காலியில் நேராக உட்கார்ந்துகொண்டார். "எவ்ளோ டார்க் வைப்பீங்க டாக்டரம்மா?"

டாக்டர் சிரித்துவிட்டார். அந்த மருத்துவமனையில் அதுவரை நோயாளி யாரும் கேட்காத கேள்வி என்று அப்புறம் செவிலியரிடம் சொன்னாராம். "முப்பத்தஞ்சு."

"முப்பத்தஞ்சா! தாடை இன்னாத்துக்கு ஆவும்?"

"மீட்டர் இல்ல சார், சென்டிமீட்டர். நியூட்டன் சென்டிமீட்டர்."

அவர் மனசுக்குள் நூறால் வகுத்துப் பார்த்தார். முகம் இன்னும் வாடிப்போயிற்று. லாரிச் சக்கரத்துக்கு அறுநூறு நியூட்டன் மீட்டர் வைக்கிற மனிதர். "சைக்கிள் பெல்லுக்குக்கூட அத்தவிட ஜாஸ்தி வைப்பாங்களேம்மா. அது எப்டி நிக்கும்?"

"நான் நிறுத்தறதில்ல. உங்க எலும்புதான் நிறுத்தப் போகுது. நாம காத்திருக்கணும், அவ்வளவுதான்."

ஆகஸ்ட் கடைசியில் இரண்டு போல்ட்டும் இறங்கின. கிளம்பும்போது டாக்டர் தன் கைப்பேசி எண்ணையே அட்டையில் எழுதிக் கொடுத்து, "என்னவா இருந்தாலும் எனக்கு போன் பண்ணுங்க. நீங்க மட்டும் கை வச்சிராதீங்க" என்று இரண்டு தடவை சொன்னார். லூர்துராஜ் தலையை ஆட்டினார். எக்ஸ்ரேயின் ஒரு பிரதியைக் கேட்டு வாங்கி, பர்ஸில் மாதா படத்துக்குப் பின்னால் வைத்துக்கொண்டார்.

ஐந்து வாரம் சமர்த்தாகத்தான் இருந்தார். பிறகு ஆயுத பூஜை வந்தது.

தொழிற்சாலையில் அதற்கு முதல் நாளே ரெஞ்சுகளையெல்லாம் துடைத்து, மேஜையில் வரிசையாக அடுக்கி, சந்தனம் குங்குமம் வைத்துவிடுவார்கள். பூஜை முடிந்ததும் கருவிகளுக்கு ஓய்வு. விடுமுறை கழிந்து வந்து எடுக்கும்வரை யாரும் தொடுவதில்லை. ஞாயிறு தவறாமல் பூசைக்குப் போகும் லூர்துராஜும் இந்த விஷயத்தில் யாருக்கும் இளைத்தவரில்லை. தன் ரெஞ்சுக்குத் தானே பொட்டு வைப்பார். அதன்மேல் ஒரு துணியை மூடி, "ரெஸ்ட் எடு ராஜா" என்று தட்டிக்கொடுத்துவிட்டு, பொரிகடலைப் பொட்டலத்தோடு வீட்டுக்கு வருவார்.

அந்தப் பொரிகடலைதான் வினை. மறுநாள் விடுமுறை, மாலை நான்கு மணி. அக்டோபர் மாதம் என்பதால் கோயிலின் அன்பியக் குழுப் பெண்கள் வீடு வீடாக ஜெபமாலை சொல்வார்கள்; ரோஸி அதற்குப் போயிருந்தாள். லூர்துராஜ் டிவிக்கு முன்னால் உட்கார்ந்து இடது பக்கமாகக் கொறித்துக்கொண்டிருந்தார். ஒரு பொட்டுக்கடலை வழி தவறி வலது பக்கம் போய்விட்டது. அதைத் தேடிப்போன நாக்கு முன் மூடியில் பட்டது. மூடி ஆடியது.

தொட்டார். ஆடியது. இன்னொரு தடவை தொட்டார். சந்தேகமே இல்லை; மூடியின் மரை தளர்ந்திருந்தது. மருத்துவமனைக்கு போன் போட்டார்; விடுமுறை, மணி அடித்து அடித்து ஓய்ந்தது. டாக்டரின் சொந்த எண் எழுதிய அட்டை கைக்கெட்டும் தூரத்தில்தான் இருந்தது. பண்டிகை நாளில் ஒரு மூடிக்காகவா அந்த அம்மாவைத் தொந்தரவு செய்வது என்று நினைத்தாராம். இது அவர் சொன்னது. உண்மை அதுவல்ல என்று எனக்குத் தோன்றுகிறது. பதினெட்டு வருஷமாக மற்றவர்கள் தளர்த்திவிட்டதை இறுக்கிய மனிதருக்கு, தன் வாய்க்குள் ஆடுகிற மரை ஒன்றைச் சும்மா வைத்துக்கொண்டு உட்கார முடியவில்லை.

அறுகோண முனை கொண்ட ஆலன் கீ கொத்தில் மிகச் சிறியதை உருவினார். டம்ளர் தண்ணீரில் போட்டு அடுப்பில் கொதிக்க வைத்தார். குளியலறைக் கண்ணாடிக்கு முன்னால் போய், சோப்பு டப்பாமேல் கைப்பேசியைச் சாய்த்து விளக்கைப் போட்டுக்கொண்டு, உதட்டை ஒரு விரலால் இழுத்துப் பிடித்தார். கீ மூடியின் நடுக்குழிக்குள் பாந்தமாக உட்கார்ந்தது. மெதுவாகத் திருப்பினார். மூடி இறங்கியது, உட்கார்ந்தது. அதோடு நிறுத்தியிருக்க வேண்டும். மணிக்கட்டு நிற்கவில்லை. கடைசியாகக் கால் சுற்று கொடுத்துத்தான் அதற்குப் பழக்கம். கொடுத்தது.

அந்தக் கால் சுற்றில் ஏதோ ஒன்று இடம் கொடுத்தது. காது வரைக்கும் நூல் பிடித்தாற்போல ஒரு வலி ஓடி மறைந்தது.

மூடி முழுசாக உட்கார்ந்ததால் வந்ததா? அல்லது அடியில் இருக்கும் போல்ட்டே எலும்புக்குள் திரும்பிவிட்டதா? முறுக்கும்போது திரும்புவது நட்டா போல்ட்டா என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லக்கூடியவர் லூர்துராஜ். அன்றைக்கு அவருக்குத் தெரியவில்லை. ரத்தம் இல்லை. மூடியும் ஆடவில்லை. கீயைக் கழுவித் துடைத்துக் கொத்தில் மாட்டினார். பழக்கதோஷத்தில் கை நெஞ்சுக்குப் போயிற்று. பனியனில் பை ஏது, பேனா ஏது. அப்போதுதான் அவருக்கு உறைத்தது. அளவு காட்டும் கேஜ் இல்லை, கிளிக் இல்லை, கோடும் இல்லை. இதையே லைனில் ஒருவன் செய்திருந்தால் அவனைப் பத்து நாள் தொட்டுக்கொள்ளத் துடைத்துக்கொள்ளத் திட்டியிருப்பார். அதுவும் கருவி தொடக்கூடாத நாளில்.

அதிலிருந்து இரண்டு மாதமாக ஆள் ஆளாக இல்லை. டாக்டரிடம் சொல்லவில்லை. ரோஸியிடம் சொல்லவில்லை. தினமும் பஸ் ஜன்னல் வெளிச்சத்தில் எக்ஸ்ரேயை எடுத்துப் பார்க்கிறார். அது ஆகஸ்டில் எடுத்தது, அக்டோபரில் நடந்ததை அது எப்படிச் சொல்லும்? கைகழுவும் இடத்தில் நின்று ஸ்பூன் காம்பால் இரண்டு மூடிகளையும் மாறி மாறித் தட்டி, காதைத் தீட்டிக்கொண்டு கேட்கிறார். பின்னால் இருப்பது கணீர் என்கிறதாம், முன்னால் இருப்பது திங்கட்கிழமைகளில் மட்டும் கொஞ்சம் மொத்தையாகக் கேட்கிறதாம். ஒரு நாள் ரோஸி பார்த்துவிட்டாள்.

"இன்னாய்யா, ஸ்பூனால வாயில மோளம் அடிச்சிக்கினு கீற?"

"சும்மா. சோறு மாட்டிக்கிச்சு."

"ஒம்பது வருஷமா நீ அந்தப் பக்கம் சோறே திங்கல. எங்கேர்ந்து மாட்டும்?" என்றாள் அவள். ஸ்பூனைப் பிடுங்கிக்கொண்டு போய்விட்டாள்.

வேலையிலும் மாற்றம் தெரிந்தது. ஒரு தடவை பார்த்த போல்ட்டை இரண்டாம் தடவை பார்க்க ஆரம்பித்தார். மஞ்சள் கோட்டுக்குப் பக்கத்தில் இன்னொரு மஞ்சள் கோடு. லைன் அவரால் மெதுவாகிறது என்று சூப்பர்வைசர் முணுமுணுத்தார்.

"என்ன அண்ணாச்சி, ஒரு போல்ட்டுக்கு ரெண்டு கோடு? இன்னொண்ணும் போட்டு மூணு முடிச்சாக்கிருங்க" என்று வனமாமலை கிண்டலடித்தார். பிறகு முகத்தைப் பார்த்துவிட்டுக் குரலைத் தணித்தார். "பல்லு வலிக்கா?"

"வலிக்கல. அதான் பயமா கீது" என்றார் லூர்துராஜ்.

நவம்பர் கடைசியில் இதைவிட விசித்திரமாக ஒன்று நடந்தது. வனமாமலையின் ரெஞ்சைச் சரிபார்ப்புக்கு அனுப்பியிருந்தார்கள். மாற்று ரெஞ்ச் வரச் சற்று நேரமாயிற்று. லைன் நிற்கக்கூடாதே என்று அவர் இரண்டு நட்டுகளைச் சாதாரண ஸ்பானரால் கையளவாக முறுக்கி அனுப்பிவிட்டார். லூர்துராஜ் கண்டுபிடித்துவிட்டார். வனமாமலை தலையைக் குனிந்துகொண்டு திட்டுக்குத் தயாராக நின்றார். சுற்றி இருந்தவர்களும் வேலையை நிறுத்திவிட்டு வேடிக்கை பார்க்கக் காத்திருந்தார்கள்.

"கையாலதான் முறுக்கினேன் அண்ணாச்சி. சரியாத்தான் இருக்கும்னு நெனச்சேன்."

லூர்துராஜ் வாயைத் திறந்தார். நாக்கு வலது பக்கம் போய்விட்டது. கடைசியில், "கழட்டிட்டு திரும்பப் போட்றுப்பா" என்று மெதுவாகச் சொல்லிவிட்டு நகர்ந்துவிட்டார். திட்டு வாங்கியிருந்தால்கூட வனமாமலைக்கு அவ்வளவு கலக்கம் வந்திருக்காது.

டிசம்பர் முதல் வாரம் கிறிஸ்துமஸுக்கு ஆயத்தமாகக் கோயிலில் பாவசங்கீர்த்தனம் வைத்தார்கள். லூர்துராஜ் வரிசையில் நின்று, சாமியார் முன்னால் மண்டியிட்டு, கோபப்பட்டது, பூசைக்குப் பிந்தி வந்தது என்று வழக்கமான பட்டியலைச் சொல்லி முடித்தார். எழுந்திருக்கவில்லை.

"இன்னொண்ணு கீது சாமி. கேஜ் இல்லாம முறுக்கிட்டேன்."

"யார் கழுத்தைப்பா?" என்று பதறிப்போனார் சாமியார்.

விஷயத்தை முழுசாகக் கேட்டு முடிக்க அவருக்குக் கால் மணி நேரமாயிற்று. பின்னால் வரிசையில் நின்ற பெண்கள், இவ்வளவு நேரம் சொல்ல மனிதர் என்ன காரியம் பண்ணியிருப்பார் என்று ரோஸியைப் பார்க்க ஆரம்பித்துவிட்டார்கள்.

"இது பாவத்துல சேராது லூர்து. ஆனா நீ சொல்ல வேண்டிய ஆளு நானில்ல. டெஸ்ட் பண்றதுக்கு முன்னாடியே அந்த டாக்டர்கிட்ட சொல்லிடு."

இரண்டாம் சனிக்கிழமை காலை பதினோரு மணி. ரோஸி கூட வந்தாள். வெளியே பெஞ்சில் உட்கார்ந்து ஜெபமாலையை உருட்டத் தொடங்கினாள். உள்ளே நாற்காலியைச் சாய்த்து, தலைக்கு மேல் விளக்கைப் போட்டார்கள். டாக்டர் கலைமதி கையுறை மாட்டிக்கொண்டிருந்தார். வாயைத் திறக்கச் சொல்வதற்குள் சொல்லியாக வேண்டும். திறந்துவிட்டால் பேச முடியாது.

"டாக்டரம்மா, ஒரு தப்பு பண்ணிட்டேன்."

சொன்னார். ஆயுத பூஜை, பொட்டுக்கடலை, ஆலன் கீ, அந்தக் கால் சுற்று, காது வரைக்கும் ஓடிய வலி, எதையும் மறைக்கவில்லை. டாக்டரின் முகம் கல்லாகிவிட்டது. செவிலியர் கையில் இருந்த தட்டை அப்படியே வைத்தார்.

"கொதிக்க வச்சீங்களா அதை?"

"டம்ளர்ல போட்டு, தளதளன்னு."

"என் நம்பர் உங்ககிட்ட இருந்துச்சே சார்."

"இருந்துச்சு."

"அப்புறம் ஏன்?"

"என் கை சும்மா இருக்கலம்மா." கூரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார். கண் ஓரத்தில் ஈரம் சேர்ந்து காதை நோக்கி இறங்கியது. "ஊரு பூரா கைய நம்பாதன்னு சொல்லிக்கினு திரியறவன் நானு."

டாக்டர் கருவியை இழுத்து அவர் தாடையோரம் வைத்தார். புதிதாக எக்ஸ்ரே எடுத்தார். திரையில் நெடுநேரம் பார்த்தார். பிடிக்காத போல்ட்டைச் சுற்றி மெல்லிய கறுப்புக் கோடு தெரியும் என்று லூர்துராஜ் கைப்பேசியில் படித்திருந்தார். கழுத்தை ஒடித்துப் பார்த்தும் அவர் இருந்த இடத்திலிருந்து திரை தெரியவில்லை.

"பாக்க நல்லாத்தான் இருக்கு. ஆனா படத்தை வச்சு உறுதியா சொல்ல மாட்டேன். முறுக்கித்தான் பாக்கணும். வலிச்சா கையத் தூக்குங்க."

தட்டில் இருந்து அவர் எடுத்ததை லூர்துராஜ் அப்போதுதான் பார்த்தார். டார்க் ரெஞ்ச். டீ ஸ்பூன் அளவுக்கு ஒரு டார்க் ரெஞ்ச். ஒரு பக்கம் மட்டும் சுழலும் ராட்செட், கைப்பிடி, அதில் அளவுக் கோடுகள், எல்லாமே இருந்தன. அந்த நிலையிலும் அவர் கண் அதை ஒரு தடவை மேலிருந்து கீழ் வரை பார்த்துவிட்டது.

முதலில் பின்னால் இருப்பது. மூடியைக் கழற்றினார், ரெஞ்சைப் பொருத்தினார், அளவை முப்பத்தைந்தில் வைத்தார். கிளிக். காதால் கேட்ட கிளிக் இல்லை அது. தாடை எலும்பு வழியாக மண்டைக்குள்ளேயே கேட்டது. பதினெட்டு வருஷத்தில் எத்தனை லட்சம் கிளிக் கேட்டிருப்பார், இப்படி ஒன்று கேட்டதில்லை.

அடுத்தது முன்னால் இருப்பது. மூடி கழன்றது. டாக்டர் ரெஞ்சின் பின்பக்கத்தைத் திருகி அளவைக் குறைத்தார். எவ்வளவுக்கு என்று லூர்துராஜ் எண்ணிக்கொண்டே இருந்தார். இருபது. ரெஞ்ச் உள்ளே வந்தது. நாற்காலியின் கைப்பிடியை அவர் விரல்கள் இறுக்கிப் பிடித்தன. வெளியே ரோஸியின் ஜெபம் நின்றுவிட்டாற்போல இருந்தது. டாக்டரின் மணிக்கட்டு மெதுவாக, மிக மெதுவாகத் திரும்பியது. இப்போது சுற்றினால் சுற்றியதுதான். வலி வரும் என்று கண்ணை மூடிக்கொண்டு காத்திருந்தார். மணிக்கட்டு இன்னும் கொஞ்சம் திரும்பியது.

கிளிக்.

வலி வரவில்லை. கண்ணைத் திறந்தார். டாக்டர் ரெஞ்சை வெளியே எடுத்துவிட்டார். லூர்துராஜ் வாய் திறந்தபடியே மூன்று விரலையும், அதன் பிறகு ஐந்து விரலையும் காட்டினார்.

"முப்பத்தஞ்சா? இன்னிக்கு வேணாம். அது கொஞ்சம் ஆட்டம் கண்டு திரும்பப் பிடிச்சிருக்கலாம், எனக்குத் தெரியல. இருபதுக்கு அசையல, இப்போதைக்கு இது போதும். ஒரு மாசம் கழிச்சு முப்பத்தஞ்சு வச்சுப் பாப்போம். அதுவரைக்கும்..." என்று விரலை நீட்டினார் டாக்டர்.

முப்பத்தைந்து என்று எழுதியிருக்கும் இடத்தில் இருபதை ஒப்புக்கொண்ட மனிதர் இல்லை லூர்துராஜ். அதற்காக லாரிகளை நிறுத்தியவர். வாய்க்குள் பஞ்சும் எச்சில் உறிஞ்சும் குழாயுமாக, விளக்கைப் பார்த்தபடி கொஞ்ச நேரம் அசையாமல் கிடந்தார். நாக்கு வலது பக்கம் கிளம்பியது, பாதி வழியில் நின்றது, திரும்பி வந்தது.

பிறகு கை தூக்கினார். வலிக்கிறதோ என்று டாக்டர் குனிந்தார். அந்தக் கை இடது பக்கப் பையிலிருந்த பர்ஸுக்குப் போய், மாதா படத்துக்குப் பின்னாலிருந்து ஆகஸ்ட் மாத எக்ஸ்ரேயை உருவி, இரண்டு போல்ட்டும் மேலே தெரியும்படி நெஞ்சின்மேல் வைத்தது. அப்புறம் சட்டைப் பைக்குப் போயிற்று. மஞ்சள் பேனாவை எடுத்து, மூடியைக் கழற்றி, முனையைத் தன் பக்கமும் பிடியை டாக்டர் பக்கமுமாகத் திருப்பி, அவரிடம் நீட்டினார்.